ஹாரனுக்கு எழாத அக்கா

அந்த வீட்டு வாசலில் எத்தனை தடவை ஹாரன் அடித்தாலும் பிரயோசனம் கிடையாது. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷின் ஒரு நொடிகூட நிற்காது. இது எனக்குத் தெரிந்த விதம் அவமானமானது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் அங்கே ஹாரன் அடித்தது நான்தான். ஸ்கூட்டியை விட்டு இறங்காமல், ஹெல்மெட்டையும் கழற்றாமல், மூன்று தடவை. நாலாவது தடவைக்குக் கை போனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஹாரன் அடிச்சா ஓடி வர்றதுக்கு நான் இன்னா ஷேர் ஆட்டோவா? இறங்கி வாம்மா. சேர் காலியாத்தான் இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸில் இருந்தேன். காலையிலிருந்து கடை மூடும் வரை "வாங்கம்மா, உக்காருங்கம்மா" என்று ஊரையே கூப்பிடுகிற பிழைப்பு. என்னை ஒருத்தி உள்ளே வந்து உட்காரச் சொன்னால் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எரிச்சல்தான் வந்தது. ஓரிக்கைப் பக்கம் போகிற ரோட்டிலிருந்து பிரியும் தெரு அது. சாமி ஊர்வலம் அந்தத் தெருமுனை வரை வந்து திரும்பிவிடும். எங்கள் வீட்டு ஆட்களும் அப்படித்தான். வேலை என்றால் முனை வரை போவோம், உள்ளே போய் உட்கார்ந்து பழக்கமில்லை.

இருந்தும் இறங்கிப் போனேன். வேறு வழி இல்லை. கனத்த பட்டில், சரிகைக் கரை வைத்து ப்ளவுஸ் தைக்க அவளை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. முதுகில் ஒரு சுருக்கம் விழாது, கையைத் தூக்கினால் அக்குளில் இழுக்காது. "தாலி கட்டும்போது பொண்ணு குனியணும், நிமிரணும், நடுவுல மூச்சும் விடணும். மூணுக்கும் சேத்துத்தான் அளவு எடுக்கறேன்" என்பாள். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். முதல் நாளே அக்கா என்று வாயில் வந்துவிட்டது.

அக்காவின் சட்டம் ஒன்றுதான். வாசற்படியில் வைத்து எதுவும் வாங்கவும் மாட்டாள், கொடுக்கவும் மாட்டாள். அளவு, துணி, தைத்த ப்ளவுஸ், கழுத்து இறங்கிவிட்டது என்கிற சண்டை, எல்லாம் உள்ளேதான். முன்னறையில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு கிடக்கும். உட்கார வேண்டும். ஒரு சொம்புத் தண்ணீர் வரும், குடித்தால் குடிக்கலாம். பெரிய தெருக்களிலிருந்து காரில் வருகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தாங்கள் காரிலேயே இருந்துகொண்டு டிரைவரை அனுப்பினார்கள். அக்காவுக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. டிரைவர் உட்கார்ந்தார், டீ குடித்தார், ஃபேனுக்குக் கீழே சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். முதலாளியம்மா வெளியே ஏசியில் காத்துக்கொண்டிருப்பாள்.

"டிரைவர் அண்ணன் பொறுமையா குடிங்க. அவங்க உக்காந்துக்கினுதானே இருக்காங்க?"

இதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் சிரிப்பே இருக்காது. எனக்குத்தான் அடக்க முடியாமல் போகும்.

மீதித் துணி விஷயத்திலும் அவள் கறார். பட்டுப் புடவையோடு வருகிற ப்ளவுஸ் துணியில் வெட்டியது போகக் கையகலம், விரலகலம் என்று மிஞ்சும். மற்ற டெய்லர்கள் கேட்காமல் வைத்துக்கொள்வார்கள், அல்லது பெருக்கித் தள்ளுவார்கள். அக்கா அதை ப்ளவுஸோடு குண்டூசியில் குத்தி வைத்திருப்பாள். கொடுக்கும்போது இரண்டு தடவை கேட்பாள். "மீதித் துணி வேணுமா? நல்லா யோசிச்சி சொல்லு, அப்புறம் வந்து கேட்டா கிடைக்காது." பெரும்பாலும் எல்லாரும் வேண்டாம் என்பார்கள். நானும் அப்படித்தான் என் மயில் கழுத்து நிறத் துண்டை விட்டுவிட்டு வந்தேன். அதெல்லாம் ஒரு சாக்குப்பையில் சேர்ந்துகொண்டே போனது.

எதற்கென்று பிறகுதான் தெரிந்தது. பெட்ரூமுக்கு.

அந்த வார்த்தையை அக்கா சொல்லும் விதமே தனி. மற்றவர்கள் சும்மா சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் "எங்க பெட்ரூம்" என்று நிறுத்திச் சொல்வாள். ஓரிக்கையில் ஆற்றுப் பக்கமாக ஒரே அறை வீட்டில், ஒரு பாயில் ஐந்து பேராக வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அக்காவின் புருஷன் ஒரகடத்தில் கம்பெனி வேலை. இரண்டு பேரும் சேர்ந்து கட்டிய வீட்டில் கதவும் தாழ்ப்பாளும் போட்ட ஒரு தனி அறை. கட்டில் வந்தது. மேலே விரிக்கப் போர்வை தேடிக் கடை கடையாக ஏறினாள். எங்கே பார்த்தாலும் புலி, ரோஜாப்பூ, தாஜ்மகால்.

"புலியோட படுக்கணும்னு எனக்கு இன்னாம்மா தலையெழுத்து? நானே தைக்கறேன்."

"காஞ்சிபுரத்து வெயிலுக்குப் பட்டுப் போர்வையாக்கா?" என்று கேட்டேன்.

"ஃபேனை அஞ்சுல வச்சிட்டு போத்திப்பேன். என் ரூமு, என் ஃபேனு, உனக்கின்னா?"

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது, அதனால் பட்டு ப்ளவுஸும் கிடையாது. அந்த ஆடியில்தான் சாக்குப்பையைக் கொட்டினாள். அறை முழுக்க அரக்கும் பச்சையும் வாடாமல்லியும் மாம்பழ மஞ்சளும். பட்டு சொன்ன பேச்சு கேட்காது. நேராக வெட்டிய துண்டு ஒரு மாதிரி நிற்கும், கைக்குழி வளைவில் மிஞ்சிய துண்டு ஒரு மாதிரி இழுபடும். இரண்டையும் சேர்த்தால் நடுவில் உப்பும். உப்பினால் ப்ளவுஸ் தைக்கிறவள் கை என்ன செய்யும்? டாட் பிடிக்கும், உப்பின இடத்தை மடித்துக் கூராகத் தைத்துவிடும். இருபது வருஷப் பழக்கம். அங்கே ஒரு டாட், இங்கே ஒரு டாட் என்று பிடித்துப் பிடித்து, பத்து நாள் கழித்துக் கட்டிலில் விரித்தால் போர்வை படுக்கவே இல்லை. நட்ட நடுவில் எழுந்து நின்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் புருஷன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, கட்டிலுக்கே ஜாக்கெட் தச்சிட்டியா?" என்றார்.

அக்கா சுவரில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் பிளேடை எடுத்து முழுவதையும் பிரித்தாள். விட்டுவிடேன் என்று நான் சொன்னது அவள் காதில் விழவே இல்லை.

கோர்வை யோசனையைச் சொன்னவள் நான்தான். எங்கள் வீட்டில் தறி உண்டு. அப்பா நெய்யும்போது அந்தப் பக்கத்துக் கரை நூல் ஓடும் நாடாவை நான் தள்ளிக் கொடுத்திருக்கிறேன். புடவையில் கரை ஒரு நிறம், உடல் வேறு நிறம். சேருகிற இடத்தில் ஒன்றின் இழை இன்னொன்றைக் கவ்விக்கொண்டு பல்லுப் பல்லாகப் போகும். புடவை நைந்தாலும் அந்த இடம் விடாது. அதுதான் கோர்வை. "நேரா வச்சி ஒட்டாதக்கா, பல்லு வெட்டிக் கோத்துடு" என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் பல்லாக வெட்டி, மடித்து, பக்கத்துத் துண்டின் பல்லுக்குள் இறக்கிக் கையாலேயே தைத்தாள். மிஷின் வேலைக்கு ஆகாது. சரிகைப் பிசிறு விரலைக் குத்தி, நகக்கண்ணெல்லாம் பிளாஸ்திரி. அடுத்த ஆடி வரைக்கும் இழுத்தது.

எந்தத் துண்டு எந்த வீட்டுடையது என்று அவளுக்கு மனப்பாடம். அதுதான் எனக்கு ஆச்சரியம். சொத்துச் சண்டையில் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்ட அண்ணன் தம்பி வீட்டு மருமகள்கள் இரண்டு பேர் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறவர் மகளின் நிச்சயதார்த்த ரோஸ் துண்டுக்குப் பக்கத்தில் ஜெயின் வீட்டுச் சந்தனக் கலர்.

"வெளிய இவங்கல்லாம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கமாட்டாங்க. இங்க வந்து பல்லோட பல்லு கோத்துக்கினு கிடக்கட்டும்" என்றாள்.

ஒரு நாள் போர்வையின் அடிப்பக்கத்துக்கு வெளுத்த நூல் புடவை இரண்டை வைத்து தூரத் தூரத் தையலாக டாக்கா போட்டுக்கொண்டிருந்தாள். சரிகை உடம்பில் உறுத்தும், அதனால் உடம்பில் படுகிற பக்கம் நூல் புடவை. "எங்கம்மாவோடது. அவங்களே கடைக்குப் போயி வாங்கினது" என்று அழுத்திச் சொன்னாள். ஏன் அவ்வளவு அழுத்தம் என்று நான் பார்த்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"நிலத்துக்காரர் வீட்டுல பொங்கலுக்குத் துணி குடுப்பாங்க. பழசுதான். கையில குடுக்கமாட்டாங்க. அந்தம்மா உள்ளேர்ந்தே தூக்கிப் போடும். நாங்க வாசல்ல நிப்போம். புடிக்கலைன்னா மண்ணுல விழும். எங்கம்மா நல்லா புடிப்பாங்க. ஒண்ணுகூட கீழ விட்டதில்ல. மத்த பொம்பளைங்கல்லாம் அதைச் சொல்லி மெச்சுவாங்க." நூலைப் பல்லால் கடித்தாள். "அந்தப் புடவைல ஒரு நூலுகூட இதுல இல்ல."

முதல் நாள் அடித்த மூன்று ஹாரனும் காதில் கேட்டது.

ரைஸ்மில் அம்மாளை இங்கே சொல்ல வேண்டும். ஊரில் பெரிய ரைஸ்மில் குடும்பம். மகள் கல்யாணத்துக்கு எங்கள் கடையில்தான் பட்டு எடுத்தார்கள். முகூர்த்தப் புடவை தனியாகச் சொல்லி நெய்தது. அரக்கு நிறம், கரை முழுக்க நெற்கதிர். அந்த மாதிரி இன்னொன்று கிடையாது. ப்ளவுஸுக்கு அக்காவைச் சொன்னதும் நான்தான். தைத்து முடித்து வாங்க வந்த அன்று நானும் அக்கா வீட்டு நாற்காலியில் இருந்தேன். டிரைவர் உள்ளே வந்தார். மீதித் துணி வேண்டுமா என்று கேட்டு வரச் சொன்னாள் அக்கா. வாசலில் கார் கண்ணாடி இறங்கியது, குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"அதை வச்சிக்கிட்டு என்ன பண்றது? குப்பையில போடச் சொல்லு."

அக்கா வழக்கப்படி இரண்டாம் தடவையும் கேட்கச் சொன்னாள். டிரைவர் போவதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

போர்வை முடிந்த அன்று அக்கா புருஷன் அதைக் கட்டிலில் விரித்துப் பார்த்துவிட்டு, "தேர்ச்சீலை கணக்கா இருக்குது. கயிறு கட்டி இழுக்கலாமா?" என்று போட்டோ எடுத்தார். அக்கா அதை ஸ்டேட்டஸில் வைத்தாள். கீழே இரண்டே வார்த்தை: எங்க பெட்ரூம். ஊர் முழுக்க ப்ளவுஸ் தைத்தவளின் ஸ்டேட்டஸை ஊர் முழுக்கத்தான் பார்க்கும். இரண்டாம் நாள் எங்கள் கடைக்கு போன் வந்தது. ரைஸ்மில் வீட்டார் நெற்கதிரை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீதானே அந்த டெய்லரைச் சொன்ன? நீயே போய் அந்தத் துணியை வாங்கிக் குடு. அவங்க வீட்ல இன்னும் ரெண்டு கல்யாணம் இருக்கு. முடியலைன்னா நாளைலேர்ந்து கீழ வரவேணாம், குடோன்ல உக்காந்து பெட்டி ஒட்டு. அந்த டெய்லருக்கும் இனிமே இங்கேர்ந்து ஒரு கஸ்டமர் போகக் கூடாது."

ரைஸ்மில் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டார்கள். முன் சீட்டில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் பின்னாலிருந்து அந்த அம்மாளின் பேச்சு. "முகூர்த்தப் பட்டு அது. கால் படலாமா? எவளோ கட்டில்ல விரிச்சுப் படுக்கவா நாங்க தனியா நெய்யச் சொன்னோம்? அவ கையில துணியைக் குடுத்ததே தப்பு." நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

உள்ளே போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"முகூர்த்தப் பட்டு கால்ல படக் கூடாதாமா? குப்பையில போட்டா மட்டும் கால் படாதா?"

"தலைமாட்டுப் பக்கம்தானே இருக்குது அது, அதையாவது சொல்லிப் பாக்கவாக்கா?"

"தலைமாடு கால்மாடெல்லாம் என் கட்டிலுக்குக் கிடையாதும்மா. ஒரு நாள் இப்படிப் படுப்பேன், ஒரு நாள் அப்படிப் படுப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை போகும் என்றேன். உனக்கும் கடையிலிருந்து இனி யாரும் வரமாட்டார்கள் என்றேன். என் பிள்ளை ஸ்கூல், புருஷன் உடம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். மிஷின் நின்றது. அந்த வீட்டில் ஒருவர் சொல்லி அது நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். டிராயரைத் திறந்து அரை பிளேடை எடுத்து என் கையில் வைத்தாள்.

"உன் வேலை போக வாணாம். போயி எடுத்துக்கோ, நான் தடுக்கமாட்டேன். ஆனா நான் பிரிக்கமாட்டேன். வெளிய தூக்கிக்கினு போயும் குடுக்கமாட்டேன். கட்டில்ல உக்காந்து பிரிக்கணும். நீ பிரி, இல்ல அந்தம்மா வந்து உக்காந்து பிரிக்கட்டும். யாரு வந்தாலும் தண்ணி குடுக்கறேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் தைக்கப் போய்விட்டாள்.

மூன்று வருஷம் அந்த வீட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். முன்னறை நாற்காலியைத் தாண்டியதில்லை. போர்வையைக்கூட பெட்ரூம் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்று எட்டித்தான் பார்த்திருக்கிறேன். அக்கா வா என்றுதான் சொல்வாள், இருக்கட்டும் என்று நான்தான் நின்றுவிடுவேன். அன்று பெட்ரூமுக்குள் போய், நின்றபடியே குனிந்து நெற்கதிரைத் தேடினேன். குனிந்த வாக்கில் பிளேடு பிடிக்க வரவில்லை. போர்வை அத்தனை கனம். வேறு வழி இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்தேன்.

முதல் பல்லில் பிளேடை வைத்தபோதுதான் பார்த்தேன். நெற்கதிருக்கு வலது பக்கம் குப்பை வண்டிக்காரர் மகளின் ரோஸ். இடது பக்கம் என் மயில் கழுத்து. அக்கா என்னிடம் அதைச் சொன்னதே இல்லை. நெற்கதிரை எடுக்க வேண்டுமானால் முதலில் என் துணியை அறுக்க வேண்டும். கோர்வை அப்படித்தான், ஒன்றை மட்டும் தனியாக எடுக்க வராது. அந்த யோசனையைக் கொடுத்தவளே நான்தான், எனக்குத் தெரியாமல் இருக்குமா. பிளேடோடு எழுந்து வெளியே போனேன்.

கார் கண்ணாடி இறங்கியது. "துணி எங்கே?"

"உள்ள இருக்குதுங்க. நீங்க வந்துதான் எடுத்துக்கணும். உக்கார இடம் இருக்குது."

"நான் அங்க வந்து உக்காரணுமா? என்னடி பேசற? அதைப் பிச்சு வெளிய தூக்கிப் போடச் சொல்லு. டிரைவர் எடுத்துக்குவான்."

டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க தூக்கிப் போடமாட்டாங்க. நானும் போடமாட்டேன்."

பிளேடைக் கார் பானட் மேல் வைத்தேன். வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வரலாம் என்றேன். மறுநாள் என்னைக் குடோனுக்கு அனுப்பினார்கள், ஒரு மாதத்தில் அதுவும் இல்லை. அப்புறம் வேறு ஊர், வேறு கடை. இப்போது நினைத்தாலும் எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

திரும்பி நடந்தேன். வாசற்படியில் கால் வைத்ததும் பின்னால் ஹாரன். கடையில் இத்தனை வருஷம் கூப்பிட்ட குரலுக்கெல்லாம் ஓடிய கால், ஒரு கணம் நின்றுவிட்டது. இரண்டாவது ஹாரன். மூன்றாவது. நான் உள்ளே போனேன். நாற்காலியில் உட்காராமல் நேராகப் பெட்ரூமுக்குப் போய்க் கட்டிலில் ஏறினேன்.

முன்னறையிலிருந்து, மிஷின் சத்தத்துக்கு நடுவே அக்கா கேட்டாள். "யாருக்காம் அந்த ஹாரனு?"

"தெரியலக்கா."

"ஓரத்துல தொத்திக்கினு உக்காராத. நல்லா காலை நீட்டி உக்காரு."

என் மயில் கழுத்தும் அந்த நெற்கதிரும் இருந்த பக்கமாகவே காலை நீட்டினேன்.